பெஞ்சில் யார் உட்காரலாம்?

காஞ்சிபுரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பட்டுப்புடைவை. அப்புறம் கோயில். கொஞ்சம் நாக்கு நீளமானவராக இருந்தால் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி.

வாத்தியார் ஞாபகம் வருவாரா? வரமாட்டார். ஆனால் ஒரு காலத்தில் காஞ்சி என்றால் முதலில் வாத்தியார்தான். புடைவையெல்லாம் பிற்பாடு வந்த பெருமை.

சீனாவிலிருந்து யுவான் சுவாங் வந்தார் அல்லவா? பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவருக்கு நாளந்தாவில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் சீலபத்திரர். அந்த சீலபத்திரருக்குக் குரு தர்மபாலர். தர்மபாலருக்கு சொந்த ஊர்? காஞ்சிபுரம். மந்திரி வீட்டுப் பிள்ளை, ராஜா வீட்டில் பெண் கொடுக்க ஏற்பாடு, கல்யாணத்துக்கு முந்தைய ராத்திரி ஆள் எஸ்கேப் ஆகித் துறவியாகிவிட்டார் என்று யுவான் சுவாங்கே எழுதிவைத்திருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சி வரைக்கும் வந்துபோன மனிதர் அவர். ஒருவகையில், குருவின் குரு பிறந்த ஊருக்கு வந்த பேரப்பிள்ளை.

அது பௌத்தக் கல்வி. இன்னொரு பக்கம் வேதக் கல்விக்குக் கடிகை என்று ஒன்று இருந்தது. இன்றைய பாஷையில் யுனிவர்சிட்டி. வட கர்நாடகத்துக்குப் போகிற வழியில், ஷிமோகா மாவட்டத்துத் தாளகுந்தாவில் ஒரு தூண் கல்வெட்டு இருக்கிறது. நாலாம் நூற்றாண்டில் அந்த ஊரிலிருந்து மயூரசர்மன் என்கிற பிராமணப் பையன் தன் குரு வீரசர்மனோடு மேற்படிப்புக்குக் காஞ்சிக் கடிகைக்கு வந்த கதையை அது சொல்கிறது. வந்த இடத்தில் பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு தகராறு. அவமானம் தாங்கவில்லை. தர்ப்பையைப் பிடித்த கை கத்தியைப் பிடித்தது. பல்லவர்களோடு மோதி, கடைசியில் பனவாசியில் கதம்ப ராஜ்ஜியத்தையே ஸ்தாபித்துவிட்டார். படிப்பைப் பாதியில் விட்டவர்களில் இத்தனை பெரிய ஆள் வேறு யாரும் இருக்க முடியாது.

கடிகை வாத்தியார்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கி.பி. 731 வாக்கில் பல்லவ வம்சத்துக்கு நேர் வாரிசு இல்லாமல் போயிற்று. அடுத்த ராஜா யார்? தேடிப் போன தூதுக்குழுவில் கடிகையாரும் இருந்தார்கள். அவர்கள் கூட்டிவந்த பன்னிரண்டு வயதுப் பையன்தான் இரண்டாம் நந்திவர்மன். காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயில் பிராகாரத்தில் இந்தக் கதை சிற்பமாகவும் எழுத்தாகவும் இருக்கிறது. அடுத்தமுறை போனால் பாருங்கள். வாத்தியார்கள் ராஜாவைத் தேர்ந்தெடுத்த ஊர் இது.

எல்லாம் சரி. அந்தக் கடிகையில் ஒரு தறிக்காரர் மகன் உட்கார்ந்து படித்திருக்க முடியுமா?

முடியாது. அது வேதம் படிக்கிறவர்களின் இடம். இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்து வாத்தியார்களின் கதையைப் பார்த்தால் ரொம்ப சுவாரசியமாக இருக்கும். எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது இரண்டாவது கேள்வி. யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

ஒரே தாவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்துவிடுவோம். கடிகையெல்லாம் போய்ப் பலகாலம் ஆகிவிட்டது. ஊருக்கு ஊர் திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் விரலால் எழுத்து. ஓலையில் எண்சுவடி. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு எல்லாம் மனப்பாடம். பெரிய பையன் ஒருத்தன் சட்டாம்பிள்ளை. வாத்தியார் கண் அசந்தால் அவன்தான் வாத்தியார்.

இந்தச் சட்டாம்பிள்ளை சமாசாரத்தை சாதாரணமாக நினைக்காதீர்கள். சென்னை எழும்பூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திக்கொண்டிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்த் திண்ணையில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். பிள்ளைக்குப் பிள்ளையே பாடம் சொல்லும் முறையைத் தன் பள்ளியில் புகுத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது சக்கைப்போடு போட்டது. ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூறு பையன்களைச் சமாளிக்கலாமே! கணக்குப் பார்க்கிற தேசம் விடுமா?

நம் ஊர் வாத்தியாருக்கு என்ன கிடைத்தது? கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவு போட்டார். சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள். படிப்பவர்கள் 1,88,650 பேர். அதில் பெண் பிள்ளைகள் 4,540. அந்தக் கணக்கை வைத்து 1826-ல் அவர் எழுதிய குறிப்பில் வாத்தியார் வருமானமும் வருகிறது. மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை, இந்தக் காசுக்குத் தகுதியான ஆள் எப்படி வருவான் என்று வருத்தப்பட்டிருக்கிறார். மீதிக்கு அரிசி, காய்கறி, விசேஷ தினத் தட்சிணை. நவராத்திரியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் பாடிப் போனால் கொஞ்சம் சில்லறை. கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்தான். தீண்டாமைக்கு ஆளானவர்களின் பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்தத் தெருவுக்குள்ளேயே வழி இல்லை.

இந்தச் சமயத்தில்தான் ஸ்காட்லாந்திலிருந்து ஒருத்தர் கப்பல் ஏறினார்.

ஜான் ஆண்டர்சன். 1805-ல் பிறந்தவர், விவசாயக் குடும்பம். கல்கத்தாவில் பள்ளிக்கூடம் நடத்திப் பேர் வாங்கிய அலெக்சாண்டர் டஃப், 1835-ல் எடின்பரோவில் ஒரு பிரசங்கம் செய்தார். அது ஆண்டர்சனை உலுக்கிவிட்டது. 1837-ல் சென்னைக்கு வந்து, ஆர்மீனியன் தெருவில் பள்ளி ஆரம்பித்தார். ஐம்பத்தொன்பது பையன்கள். பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது இந்த விதைதான். 1840 வாக்கில் காஞ்சிபுரத்தில் ஒரு கிளை. அவர் பெயரில் பள்ளிக்கூடம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

ஏன் காஞ்சிபுரம்? யோசித்துப் பாருங்கள். கோயில் நகரம். பாதிரியாருக்கு இதைவிடப் பெரிய சவால் ஏது?

ஆண்டர்சனின் போதனை முறை நம் திண்ணைக்கு நேர் எதிர். டஃப் வழியில் வந்த அந்தப் பள்ளிகளில் கேள்விதான் பாடம். படித்த வரியை மூடிவைத்துவிட்டு, இதற்கு என்ன அர்த்தம், ஏன் இப்படி, நீ ஒப்புக்கொள்கிறாயா என்று வாத்தியார் குடைந்தெடுப்பார். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னால், அவருடைய லட்சியம் மதமாற்றம். பைபிளும் இங்கிலீஷும் ஒரே பொட்டலத்தில் வந்தன. அப்பா அம்மாக்கள் இங்கிலீஷுக்காக அனுப்பினார்கள். அவர் பைபிளுக்காக நடத்தினார். இரண்டு தரப்புக்கும் இது தெரியும். தெரிந்தே நடந்த ஒப்பந்தம்.

1838-ல் அந்த ஒப்பந்தத்தில் வெடி வெடித்தது. காரணம் பைபிள் இல்லை. பெஞ்சு.

சென்னைப் பள்ளியில் படித்த இரண்டு பையன்கள் பறையர்கள் என்று தெரியவந்தது. மற்ற சாதிப் பையன்களைப்போலவே நெற்றியில் குறி போட்டுக்கொண்டு சேர்ந்திருந்தார்கள். விஷயம் கசிந்ததும் கொந்தளிப்பு. அவர்களை வெளியே அனுப்புங்கள், இல்லாவிட்டால் தனி பெஞ்சாவது போடுங்கள் என்று கோரிக்கை. ஒரு தனி பெஞ்சு போட்டிருந்தால் பிரச்னை தீர்ந்திருக்கும். பள்ளிக்கூடம் தழைத்திருக்கும். பைபிளும் பரவியிருக்கும்.

ஆண்டர்சன் முடியாது என்றுவிட்டார். நிறையப் பையன்கள் வெளியேறினார்கள். அவர் அசையவில்லை.

மதமாற்ற விஷயத்தில் அவரோடு உங்களுக்கு எத்தனை சண்டை வேண்டுமானாலும் இருக்கலாம். அது நியாயமான சண்டை. 1841-ல் அவருடைய மாணவர்கள் ராஜகோபால், வேங்கடராமையா இருவரும் ஞானஸ்நானம் பெற்றபோது ஊரே கொதித்தது, வகுப்புகள் காலியாகின. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் துக்கம் சாதாரணமில்லை. ஆனால் அந்த இரண்டு பையன்களின் பெஞ்சு விஷயத்தில் அந்த மனிதர் லாப நஷ்டக் கணக்குப் பார்க்கவில்லை. 1855-ல் சென்னையிலேயே செத்துப்போனார். வயது ஐம்பதைத் தொடவில்லை.

அந்தக் கொதிப்புக்கு ஒரு பதில் தயாராகிக்கொண்டிருந்தது. பதிலுக்குப் பெயர் பச்சையப்பன்.

பச்சையப்ப முதலியார் 1754-ல் பிறக்கும்போதே அப்பா உயிரோடு இல்லை. அம்மா பூச்சியம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வந்து, பௌனி நாராயண பிள்ளை என்ற துபாஷியின் தயவில் வளர்த்தார். பிள்ளையும் துபாஷியாகிக் கொழிக்கச் சம்பாதித்தது. 1794-ல் இறப்பதற்குமுன் உயில் எழுதினார். காசி முதல் கன்னியாகுமரி வரை கோயில் பூஜைகளுக்கும் தான தர்மங்களுக்கும் பணம். காஞ்சிபுரத்துக் கோயில்களும் அவர் மனசில் இருந்தன.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த கட்டம் அடுத்து வருவதுதான். உயிலை வைத்து வழக்கு, வருஷக்கணக்கில் இழுபறி. அதற்குள் வட்டி குட்டிபோட்டு, வட்டிக்கு வட்டி குட்டிபோட்டு, தர்மத்துக்குப் போக மிச்சமே பெரும் தொகையாகிவிட்டது. இதை என்ன செய்வது? அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முனைப்பில், இந்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பு என்று முடிவானது. 1842 ஜனவரி 1-ம் தேதி சென்னையில் பச்சையப்பன் பள்ளி திறக்கப்பட்டது. பிறகு காஞ்சிபுரத்திலும் சிதம்பரத்திலும் கிளைகள். இங்கிலீஷ் உண்டு, பைபிள் கிடையாது. மதம் மாறாமலே பையன் முன்னேறலாம்.

காஞ்சிபுரத்தில் இப்போது இரண்டு கடை. இரண்டிலும் இங்கிலீஷ் கிடைக்கும். ஆனால் பச்சையப்பன் கதவிலும் ஒரு பூட்டு இருந்தது. பச்சையப்பன் கல்லூரி இந்து மாணவர்களைத் தவிர மற்றவர்களுக்குத் திறந்தது 1947-ல்தான். ஆண்டர்சன் பெஞ்சு எல்லா சாதிக்கும் பொது, கூடவே பைபிளும் வரும். பச்சையப்பன் பெஞ்சில் பைபிள் வராது, எல்லா மதத்துக்கும் இடம் வராது. எதை எடுப்பது? காஞ்சிபுரத்து அப்பாக்களின் தலைவலியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

சர்க்கார் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தது. 1860-களில் 'ரிசல்ட்டுக்கு ஏற்ற மானியம்' என்ற திட்டம் இங்கிலாந்திலிருந்து சென்னை மாகாணத்துக்கு இறக்குமதியானது. இன்ஸ்பெக்டர் வருவார். பையன்களை வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். எத்தனை பேர் தேறினார்களோ அத்தனைக்குத்தான் காசு. அப்பட்டமான கமிஷன் வியாபாரம்.

வாத்தியார் என்ன செய்வார் பாவம்? தேறுகிற பையனை முன்னால் உட்காரவைத்து உருப்போட வைத்தார். தேறாதவன்? கடைசி பெஞ்சு. கேள்வி கேட்கும் கல்வியெல்லாம் போயே போச்சு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் திட்டத்தை மூட்டை கட்டினார்கள். மனோபாவம் மூட்டை கட்டப்பட்டதா என்பதை உங்கள் தெருவில் தொங்கும் 'நூறு சதவிகிதத் தேர்ச்சி' பேனரைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது நம் தறிக்காரர் மகனுக்கு வருவோம்.

1909 செப்டம்பர் 15. காஞ்சிபுரத்தில் ஒரு சாதாரண நெசவாளர் குடும்பம். அப்பா நடராசன், அம்மா பங்காரு அம்மாள். வளர்த்தது தொத்தா என்று பையன் கூப்பிட்ட ராஜாமணி அம்மாள். அந்த ஊர்ப் பச்சையப்பன் பள்ளியில் படிப்பு. நடுவில் குடும்பக் கஷ்டம். படிப்பை நிறுத்திவிட்டு நகராட்சியில் குமாஸ்தா வேலை. அங்கேயே இருந்திருந்தால் ஹெட் கிளார்க்காக ரிட்டயர் ஆகியிருப்பார்.

அப்படி ஆகவில்லை. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். பட்டம், ஆனர்ஸ் என்று மேலே போனார். ஆனர்ஸ் சேர வசதியில்லாமல் தயங்கி நின்றபோது, கைகொடுத்துத் தூக்கிவிட்டவர் கல்லூரி முதல்வர் சின்னத்தம்பிப் பிள்ளை. படிப்பு முடிந்ததும் பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். கொஞ்ச காலம்தான். பிறகு பத்திரிகை, அரசியல்.

சி.என். அண்ணாதுரை என்று நான் சொல்லவேண்டியதில்லை.

வாத்தியார் வேலையை விட்டார் என்பது ரிஜிஸ்டர் கணக்கு. நிஜத்தில் விட்டாரா? மேடைதான் வகுப்பு, 'தம்பி' என்று கூப்பிட்டுக் கடிதமாக எழுதியதெல்லாம் பாடம். அவருடைய கட்சிக்காரர்கள் தெருவுக்குத் தெரு படிப்பகம் திறந்தார்கள். சலூனிலும் டீக்கடையிலும் ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். பள்ளிக்கூட பெஞ்சு கிடைக்காதவனுக்கு டீக்கடை பெஞ்சு. 1967-ல் அவரே முதலமைச்சர். வாத்தியார்கள் ராஜாவைத் தேடிப்போன ஊரிலிருந்து ஒரு வாத்தியாரே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நடுவில் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்குமேல் ஓடியிருந்தது.

அதற்குப் பதினாலு வருஷம் முன்னால், தறிக்காரர் மகன் விவகாரம் மாகாணத்தையே உலுக்கியது. 1953-ல் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். அவர் தரப்பு வாதம்: காசு இல்லை, கட்டடம் இல்லை, வாத்தியார் இல்லை. இரண்டு ஷிஃப்ட் வைத்தால் அதே பெஞ்சில் இரண்டு மடங்குப் பிள்ளைகள் உட்காரலாம். கணக்கு சரிதான். ஆனால் நெசவாளர் பிள்ளை மத்தியானம் எங்கே போவான்? தறிக்கு. நாளைக்கும் தறிக்கு. எதிர்த்தவர்கள் 'குலக்கல்வி' என்று பெயர் வைத்தார்கள். ஒரே வார்த்தை. திட்டம் காலி. 1954-ல் ராஜாஜி விலக, முதலமைச்சரான காமராஜர் அதை ரத்து செய்தார்.

ரத்து செய்தால் போதுமா? பிள்ளைகள் வரவேண்டுமே. வந்தால் சாப்பாடு வேண்டுமே. அந்த வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்ட கல்வித்துறை இயக்குநர் யார் தெரியுமா? நெ.து. சுந்தரவடிவேலு. 'நெ' என்றால் நெய்யாடுபாக்கம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து கிராமம். மறுபடியும் காஞ்சி வட்டாரம்! 1955-ல் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் பென்ஷன், சேமநிதி, இன்ஷூரன்ஸ் மூன்றும் வந்தன. ஆறேழு ரூபாய்க்கு யார் வருவான் என்ற மன்றோவின் கேள்விக்கு நூற்று முப்பது வருஷம் கழித்து ஒரு பதில். 1956-ல் மதிய உணவு. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். ஊர்க்காரர்களைக் கூட்டி, உங்கள் பள்ளிக்கு நீங்களே செய்யுங்கள் என்றார்கள். மேசை, கரும்பலகை, கடிகாரம் என்று கொண்டுவந்து குவித்தார்கள்.

பெஞ்சும்தான்.

இங்கே சுபம் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. காஞ்சிபுரம் அசல் பட்டில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் இருக்கும். இரண்டையும் பின்னிச் சேர்ப்பதற்குக் கோர்வை என்று பெயர். பழைய முறையில் அதற்கு மூன்று நாடா ஓடவேண்டும். நெசவாளர் ஒருத்தரால் ஆகாது, பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பல வீடுகளில் சின்னக் கை. முன்பணம் வாங்கிய குடும்பமாக இருந்தால் அடுத்தவர் தறியில் போய் உட்காரவேண்டும். 2003-ல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக இருந்த குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இருந்தது. ஆண்டர்சன், பச்சையப்பன், அண்ணா எல்லாரும் வந்துபோன பிறகும்.

அந்த வருஷங்களில் அதிகாரிகளும் தொண்டு நிறுவனத்துக்காரர்களும் தறி தறியாக ஏறி இறங்கிப் பிள்ளைகளை மீட்டார்கள். அவர்களுக்கென்று தனி வகுப்புகள் நடந்தன. பத்து வயதில் முதல் எழுத்து படிக்கிற பிள்ளையை ஆறு வயதுப் பிள்ளையோடு உட்காரவைத்தால் வெட்கப்பட்டு ஓடிவிடும். அதைத் தனியாகத் தயார்செய்து, அதன் வயதுக்கேற்ற வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அதைச் செய்த வாத்தியார்களில் பெரும்பாலானவர்கள் சொற்ப சம்பளக்காரர்கள். கல்வெட்டில் பெயர் இருக்காது, சிலை இருக்காது. கல்வித் தத்துவம் என்ன என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். ஆனால் ஒரு முன்பணக் கடன்காரரின் வீட்டு வாசலில் நின்று, பிள்ளையை அனுப்புங்கள் என்று மூன்றாம் தடவையாகக் கேட்டிருப்பார்கள். கடிகையார்கூட அப்படி வாசலில் போய் நின்றது ஒரு ராஜகுமாரனுக்காகத்தான்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிக்கிறபோது நாம் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறோம்: ரிசல்ட் எப்படி? தப்பில்லை, கேளுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள். இந்தத் தெருவிலிருந்து இங்கே வராத பிள்ளை யார்? அதற்கு எந்த வாத்தியார் யோசிக்காமல் பெயர் சொல்லிப் பதில் சொல்கிறாரோ, உங்கள் பிள்ளையைத் தைரியமாக அவரிடம் விடலாம்.